ஒன்பதாவது குழிப் புல்

மார்ச் 3, திங்கள்
புது மேனேஜர் வந்துவிட்டான். பிரேம்குமார், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரன், முப்பது வயதுகூட இராது. ராஜபாளையம் நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குப் பத்தொன்பது வருஷமாக சூப்பர்வைசர் நான். ஒரு மேஜை கேட்டு நாலு மனு போட்டேன், வரவில்லை. அவனுக்கு வந்த அன்றைக்கே சுழல் நாற்காலி.
"அண்ணாச்சி, நீங்கதான் எல்லாம் சொல்லித்தரணும்" என்றான்.
சொல்லித்தாரேன், சொல்லித்தாரேன்.

மார்ச் 11
பராமரிப்புச் செலவை ஏற்க வெளியிலிருந்து ஆள் பிடிக்காவிட்டால் ஜூனில் நகராட்சி மைதானத்தை மூடிக் காய்கறிச் சந்தைக்குக் கொடுத்துவிடுவார்களாம். தூக்கம் வரவில்லை.

மார்ச் 19
ஆள் பிடித்துவிட்டான். மில் முதலாளி ஒருவர் மூன்று வருஷச் செலவை ஏற்பாராம். ஆனால் பந்து விழும் குழியைச் சுற்றி மணல் கூடாது, புல் வேண்டுமாம். முதலில் ஒன்பதாவது குழி. ஏப்ரல் 12 பார்க்க வருகிறார்.
அது என் மணல். காற்றில் பறக்காமல் இருக்க நானே பழைய இன்ஜின் ஆயில் கலந்து போட்டது. தினமும் காலையில் கனத்த சாக்கை இழுத்துச் சமப்படுத்துகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு முதலாளியும் என் கையைக் குலுக்கியதில்லை. நான் ஏன் போய்க் கேட்கவில்லை? கேட்கத் தோன்றவில்லை. அதுதான் எரிகிறது.

மார்ச் 29
பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்த புல், லாரித் தண்ணீரில் வேர் பிடித்துவிட்டது. ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள். வீட்டுக்காரி கனகலட்சுமியும் பார்க்க வந்தாள். "எம்புட்டு அழகா இருக்கு!" மணலைப் பற்றி ஒரு நாள் சொல்லியிருப்பாளா?
ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.
"வயிறுதான் எரியுதே, அதுல சோறு எதுக்கு" என்றாள். பெண்டாட்டியா இவள்?

ஏப்ரல் 9, புதன்
எட்டாவது குழி மணலில் குளம்புத் தடம். காட்டுப்பன்றி. கோடையில் ஈரமண் வாசம் பிடித்து மலையிலிருந்து இறங்கும், புல்லை வேரோடு கிளறும். இங்கே யாரும் புல் போடாததற்குக் காரணமே அதுதான். அவனுக்கு எப்படித் தெரியும், டவுனில் வளர்ந்தவன். ஒரே நாளில் வலை கட்டிவிடலாம்.
சொல்லத்தான் போனேன். நாற்காலியில் சுழன்றுகொண்டே முதலாளியோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.
திரும்பி வந்தேன். சாக்கை இழுத்தேன். தடம் போய்விட்டது. என் வேலைதானே அது?

ஏப்ரல் 10
மறுபடியும் தடம். மறுபடியும் இழுத்தேன்.

ஏப்ரல் 12, சனி
ஒன்பதாவது குழி, உழுத வயலாகக் கிடந்தது. முதலாளி இறங்கினார், பார்த்தார், திரும்பக் காரில் ஏறினார். பிரேம்குமார் கிழிந்த புல்லைத் திரும்பத் திரும்ப ஒட்டவைத்துக்கொண்டிருந்தான்.
சந்தோஷமா இருந்துச்சு. சொந்த நோட்டுல பொய் எதுக்கு? செத்த நேரம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பொறவு சந்தை ஞாபகம் வந்துச்சு. ஏலே மாரிசாமி, யாரு மைதானத்தக் கெடுத்தேலே?

ஏப்ரல் 17
அவனை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒங்ககிட்ட கேக்காமச் செஞ்சது என் தப்பு அண்ணாச்சி" என்றான். நாற்காலியும் எனக்காம்.

மே 6, செவ்வாய்
மைதானம் பிழைத்தது. மணல் இருந்தாலும் சரி, செலவை ஏற்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். எப்படி என்று விசாரித்தேன். பிரேம்குமார் அவருக்கு எழுதிய கடிதத்தின் நகலை ஆபீஸில் காட்டினார்கள்.
'தவறு என்னுடையது. மாரிசாமி பொறுப்பில் விடுங்கள். அவர் மணலைச் சமப்படுத்தாத நாளே கிடையாது. பன்றி வந்த அந்த வாரத்தில்கூட, தினமும் காலையில் அவர் சாக்கு இழுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.'

மே 7
எட்டாவது குழியில் இன்று தடம் எதுவும் இல்லை. ஆனாலும் சாக்கைத் தொடக் கை வரவில்லை. லீவு சொல்லிவிட்டேன்.
ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் இருக்கிறேன். பூங்கா ஒன்பது மணிக்குத் திறக்குமாம். அவனிடம் ஏப்ரல் 9-லிருந்து சொல்ல ஆரம்பிக்க வேண்டும்.