மாமாவின் இடது இமை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே உனக்கு உடம்பும் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. நாலு நாளாக உனக்குப் போன் போட்டு, அப்பாவின் முழங்கால் வலியையும் குழாய் ஒழுகுவதையும் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பேசினால் வாய் வேறெங்கோ ஓடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், எழுதியதைப் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். இதற்குள் மூன்று முறை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை. உக்காந்து எழுதேன், நாற்காலி என்ன சுடுதா என்கிறார் அப்பா.

இந்த வருடம் கல்லூரியில் எனக்குப் புதுப் பாடம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, புதிதாக வரும் பொறியியல் தொழில்நுட்பங்களும் அவற்றால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதும். முதல் வகுப்பிலேயே உன் மெஷினைத்தான் உதாரணம் காட்டினேன். பஸ் டிரைவரின் முகத்துக்கு நேரே ஒரு கேமரா, இமை தாழ்ந்தால் பீப் என்று கத்தும், தூங்குகிறார் என்று டிப்போவுக்கும் தகவல் போய்விடும், இதைச் செய்தவர்களில் என் மகளும் ஒருத்தி என்றேன். சொல்லும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. கரும்பலகையில் நன்மை என்று போட்டு ஏழு வரி எழுதினேன், தீமை என்று போட்டு அதன்கீழ் வெறும் கோடு. கடைசி பெஞ்சில் ஒரு பெண், அவளை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள், எழுந்து நின்று, அந்தக் கோட்டை யாரைக் கேட்டுப் போட்டீங்க மேடம் என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. சரி, நீயே போய் டிரைவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று அவளையும் இன்னும் மூன்று பேரையும் டிப்போவுக்கு அனுப்பினேன். அவள் வாயை அடைக்கத்தான் அனுப்பினேன், பாடம் கற்றுக்கொடுக்க இல்லை.

போன வாரம் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆறாம் பக்கத்தில் ஒரு படம். ஆள் யாரென்று தெரியக் கூடாது என்று ஒரு கண்ணை மட்டும் எடுத்திருக்கிறார்கள், இடது கண், மேல் இமையைத் தூக்கிப் புருவத்தோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறது. பெயர் இல்லை. எனக்குப் பெயர் எதற்கு, பிறந்ததிலிருந்தே பாதி மூடியிருக்கும் அந்தக் கண்ணில் விழுந்த தூசியை எத்தனை தடவை ஊதி எடுத்திருக்கிறேன். உன் மாமாதான். அன்றைக்கே அவன் வீட்டுக்கு ஓடினேன். மூன்று வாரத்தில் பதினொரு தடவை தூங்கினதாக மெஷின் சொல்லியிருக்கிறது, அதற்குப் பயந்து இமையை ஒட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். இமைக்க முடியாமல் கண் எரிந்து, நீர் கோத்துக்கொண்டு, பக்கத்துக் கண்ணாடி தெரியாமல் பஸ்ஸைச் சுவரில் உரசிவிட்டான். நல்லவேளை யாருக்கும் அடி இல்லை. இருபத்துநான்கு வருடத்தில் முதல் கீறல். இப்போது ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டயருக்குக் காற்றுப் பார்க்க விட்டிருக்கிறார்கள். வருகிற பதினெட்டாம் தேதி விசாரணை, தூங்குகிற ஆள் என்று எழுதிவிட்டால் இனி எந்தப் பஸ்ஸையும் தொட முடியாது. ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவன் நிதானமாக, மருமக செஞ்ச மெஷின்னு டிப்போ முழுக்க நான்தான் சொல்லி வச்சேன், இப்ப நானே குறை சொன்னா புள்ளைக்கு அசிங்கமா இருக்காதாக்கா என்கிறான். உன் அத்தை டீயைக் கொண்டுவந்து வைத்தாள், அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

இனி நான் சொல்ல வேண்டியது. இரண்டு வருடத்துக்கு முன்னால், கண்ணை அடையாளம் காண மெஷினைப் பழக்க வேண்டும், நம் சொந்தக்காரர்கள் முகத்தை வீடியோ எடுத்து அனுப்பு, ஒருத்தரையும் விடாதே என்று கேட்டாய். பதினெட்டுப் பேரை எடுத்தேன், உனக்கு வந்தது பதினேழு. மாமா முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். எடுத்தேன், அனுப்பவில்லை. அவன் கண் உன் வேலையைக் கெடுத்துவிடும், ஆபீசில் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சொந்தத் தம்பியை நினைத்து வெட்கப்பட்டேன், அதுதான் உண்மை. அனுப்பிட்டியாக்கா என்று இரண்டு தடவை கேட்டான், ஆச்சு ஆச்சு என்றேன். ஒரு வீடியோவால் என்ன ஆகிவிடும் என்று நீ சொல்லலாம். ஆனால் அத்தனை முகத்தில் மாமா எங்கே என்று நீயும் கேட்கவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வீடியோவை இதோடு அனுப்புகிறேன்.

கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம், மெஷின் பொய் சொல்லாதும்மா என்று டிப்போ மேனேஜர் அதை ஓரமாக வைத்துவிட்டார். இப்படிப்பட்ட கண்ணை எங்கள் மெஷின் தூக்கம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளும் என்று செய்தவர்களே எழுதினால்தான் எடுபடும். எழுதினால் உன் மேலதிகாரி முகம் சுளிப்பார், வரப்போகிற பதவி உயர்வும் தள்ளிப்போகலாம். காலையில் எழுது என்று தோன்றுகிறது, மத்தியானம் வேண்டாம், பெண் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த இடம் என்று தோன்றுகிறது. ரெண்டு பக்கமும் நீயே பேசுற, அவளையும் கொஞ்சம் பேச விடு என்கிறார் அப்பா.

நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன், அனுப்பாத வீடியோ உட்பட. யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் மெதுவாக எழுந்து, இது உங்க பொண்ணுக்குத் தெரியுமா மேடம், என்ன சொன்னாங்க என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன், வாயில் வந்துவிட்டது. என்ன சொன்னாள் என்பதை அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்து வெளியே வந்தேன். இதை நீ படித்துவிட்டதால் தெரியும் என்றது இனிப் பொய் இல்லை. என்ன சொன்னாள் என்பதை இனி நீதான் எழுத வேண்டும்.

நீ எந்த முடிவு எடுத்தாலும் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவர் ஆசியும். வேளைக்குச் சாப்பிடு. விசாரணை பதினெட்டாம் தேதி, மறந்துவிடாதே. அடுத்த வகுப்பு வியாழக்கிழமை முதல் மணி.

உன் பதிலுக்காக நிலைகொள்ளாமல் இருக்கும்
அம்மா