ரத்வானின் பட்டறையைத் திறக்க வேண்டி

அனுப்புநர்:
அதல்லா ஸாலிம் ரவாஷ்தா,
அரபு மொழி ஆசிரியர்,
அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி,
கிர்பத் நவ்ஃபல், கரக் மலைப்பகுதி.

பெறுநர்:
நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: ஜபல் ரீம் உதிரிபாக நிறுவனம் தரமற்ற சஸ்பென்ஷன் பாகங்களை விற்றது – மெக்கானிக் ரத்வான் மஸால்மா மீது நான் அளித்த புகாரைத் திரும்பப் பெறுதல் – அவரது பட்டறையின் சீலை அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த கோடை விடுமுறையில் தங்களிடம் நான் நேரில் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் கொண்டுவர்றதில்ல உஸ்தாத்" என்று தாங்கள் பாராட்டினீர்கள். அம்மனுவில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பொய் ஒன்று இருந்தது. அதைத் தெரிவிக்கவே இம்மனுவை எழுதுகிறேன்.

2. என் மாமனாரின் தக்காளித் தோட்டம் கீழே கோர் பள்ளத்தாக்கில் உள்ளது. வெள்ளிதோறும் குடும்பத்தோடு அந்த மலைப்பாதையில் இறங்கி ஏறியதில் என் காரின் முன்பக்க சஸ்பென்ஷன் தேய்ந்துவிட்டது. அசல் கம்பெனி பாகங்களுக்குப் பதிலாக, ஜபல் ரீம் நிறுவனம் தன் பெயரில் விற்கும் பாகங்களைத் தலைநகரிலிருந்து வரவழைத்தேன். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டியில் வந்தன. 'மலைப்பாதைக்கென்றே செய்தது' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. எங்கள் ஊரில் பட்டறை வைத்திருந்த ரத்வான் அவற்றைப் பொருத்தினார். அவர் சிரியாவில் தர்ஆவிலிருந்து வந்தவர். ஊரில் அவரை மகன் பெயரைச் சேர்த்து அபூ கினான் என்று அழைப்போம்; என்னை அபூ மஜ்த் என்பார்கள்.

3. சில வாரங்களில் இடது முன்சக்கரத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் எழுந்தது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். "புதுசுல அப்படித்தான் இருக்கும் உஸ்தாத். ஓட ஓட சரியாயிடும்" என்றார். மறுபடி அழைத்தபோதும், ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார்.

4. பிறகு ரத்வானிடம் சென்றேன். அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்து, அடியில் படுத்து, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். எழுந்து முழங்கையைத் துடைத்தவர், "எனக்கு ஒண்ணும் பிடிபடல, அபூ மஜ்த். பாகம் புதுசு, போல்ட்டெல்லாம் கச்சிதமா இருக்கு. கம்பெனிக்காரன்கிட்டயே கேளுங்க" என்றார். தாமாகவே இரண்டாவது முறையும் படுத்துப் பார்த்தார். கூலி வாங்கவில்லை.

இந்தப் பத்தியைத் தாங்கள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். என் முந்தைய மனுவில் இது இல்லை. அதற்குப் பதிலாக, "சத்தம் வருவதாக முறையிட்டும் அவர் வண்டியைப் பார்க்க மறுத்துவிட்டார்" என்று எழுதியிருந்தேன்.

5. அடுத்த வெள்ளியன்று இறக்கத்தில் இடது சக்கரம் உட்புறமாக மடங்கியது. வண்டி மலைப்பக்கச் சுவரில் மோதி நின்றது. மறுபக்கம் திரும்பியிருந்தால் இம்மனுவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் மனைவி இப்திஸாமுக்குக் காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் வலியோடு படுத்திருந்தவள், "அவன் கடைய மூட வைக்காம விடாதீங்க" என்றாள்.

6. நிறுவனத்தை மீண்டும் அழைத்தேன். அதே பெண்தான் பேசினார். "எங்க பாகத்துல குறைன்னா பரிசோதனைக்கு அனுப்பணும், மாசக்கணக்காகும். பொருத்தினவர் தப்புன்னு ஒரு அரசு ஆபீஸ்ல புகார் குடுத்து அதோட நகல அனுப்புங்க, புது செட் உடனே வந்துடும். நல்லெண்ண அடிப்படையில" என்றார்.

நல்லெண்ணம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். அன்று மாலையே உட்கார்ந்து மனுவை எழுதினேன். ரத்வான் வண்டியைப் பார்த்தார் என்ற உண்மையை எழுதினால் அவர்மேல் குற்றம் நிற்காது என்று தோன்றியது. ஆகவே, பார்க்க மறுத்தார் என்று எழுதினேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வாக்கியம் நிறுவனம் சொல்லிக்கொடுத்ததும் அல்ல, நானே யோசித்து எழுதியது.

7. நான் கையொப்பமிட்ட அந்த மனுவின் மீது, தங்கள் அலுவலகம் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுத்தது. பட்டறைக்குச் சீல் வைக்கப்பட்டது. பட்டறையை வைத்தே ரத்வானுக்கு வேலை அனுமதி கிடைத்திருந்ததால் அதுவும் போயிற்று. சீல் வைத்த அன்று அவர் தெருவில் நின்றவர்களிடம், "நான் பார்த்தேனுங்க. ரெண்டு தடவ படுத்துப் பார்த்தேன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குத் தீவனக் கடைக்காரர், "உஸ்தாத் எழுதினா பொய்யா இருக்குமாப்பா?" என்று கேட்டாராம். இதை அந்தக் கடைக்காரரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் தீவன மூட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

8. நிறுவனம் வாக்குத் தவறவில்லை, புது செட் வந்து சேர்ந்தது. இம்முறை அவர்களே பரிந்துரைத்த தலைநகர்ப் பட்டறையில் கொடுத்துப் பொருத்தினேன். பள்ளி திறந்தபின் ஒரு காலையில், சமதளச் சாலையில், நடக்கும் வேகத்தில் பள்ளி வாசலுக்குள் திரும்பும்போது, அதே இடது சக்கரம் அதேபோல் உட்புறமாக மடங்கியது. எவருக்கும் காயமில்லை. மாணவர்கள் ஓடிவந்து, "இறங்குங்க உஸ்தாத், நாங்க தள்ளுறோம்" என்றார்கள். ரத்வான் எங்கே இருக்கிறார் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் மனதில் ஓடவில்லை.

9. முதலில் உடைந்த லோயர் ஆர்மையும் இரண்டாவதையும் சமையலறை மேசையில் அருகருகே வைத்தேன். இரண்டும் ஒரே இடத்தில், பற்றவைத்த ஓரத்தில், விட்டுப் போயிருந்தன. இப்திஸாம் பார்த்துவிட்டு, "அப்ப அவன் மேல என்ன தப்பு?" என்று கேட்டாள். மனுவின் நகலை எடுத்து வாசித்துக் காட்டினேன். அவளுக்கு அந்த வாக்கியம் அதுவரை தெரியாது. நீதான் மருத்துவமனையில் அப்படிச் சொன்னாய் என்று தொடங்கினேன். அவள், "வலியில நான் ஆயிரம் சொல்லுவேன். எழுதினது நீங்க" என்றாள்.

மறுநாள் அவள் ஒரு தட்டில் மக்லூபா சோறு எடுத்துக்கொண்டு ரத்வானின் மனைவியைப் பார்க்கப் போனாள். அந்த அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டார். தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வருமானமில்லாத அந்த வீட்டிலிருந்து, கழுவிய தட்டு, சோறு திணித்த சுரைப்பிஞ்சுகள் நிறைந்து திரும்பி வந்தது. அன்று எங்கள் வீட்டில் அதை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. எறியவும் முடியவில்லை.

10. இரண்டாவது உடைப்பைத் தெரிவிக்க நிறுவனத்தை அழைத்தபோது, அதே பெண் வழக்கமான பதிலைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதே இடத்துலதானே விட்டுப்போச்சு உஸ்தாத்? தினமும் இதே ஃபோன்தான் வருது. என்ன பதில் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க, அதைத்தான் படிக்கிறேன்" என்றார். அவர் தம் பெயரைச் சொல்லியிருந்தார். அதை இங்கே குறிப்பிடவில்லை. விசாரணையில் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். என் பேனாவால் ஒரு பிழைப்பு போனது போதும்.

11. ஆகவே ஐயா அவர்கள்,

அ) என் முந்தைய மனுவைப் பொய்ப் புகாராகப் பதிவு செய்து, அதற்குரிய தண்டனையை எனக்கு விதிக்கவும். நான் ஆசிரியர் என்பதைக் கருணைக்குக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.

ஆ) ரத்வானின் பட்டறைச் சீலை அகற்றி, அவருக்கு மீண்டும் வேலை அனுமதி கிடைக்கத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பரிந்துரைக்கவும். சீலைப் பட்டப்பகலில், தீவனக் கடை திறந்திருக்கும் நேரத்தில் அகற்றினால் நன்று.

இ) இத்துடன் ஒப்படைக்கும் இரு பாகங்களையும் பரிசோதனைக்கு அனுப்பி, ஜபல் ரீம் நிறுவனம் அந்த வகை செட்டை விற்பதை நிறுத்தி, விற்றவற்றைத் திரும்பப் பெறச் செய்யவும். இவ்வெள்ளியும் அந்த இறக்கத்தில் குடும்பங்கள் போகும்.

12. இம்மனுவை ரத்வான் கேட்டு நான் எழுதவில்லை. சென்ற வாரம் கோரில் அவரைத் தேடிப் போனேன். லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பெட்டியை இறக்காமல் தோளிலேயே வைத்திருந்தார். "வெல்டிங்லயா விட்டுச்சு?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். உங்களுக்காக அலுவலருக்கு எழுதப் போகிறேன், எழுதட்டுமா என்றேன்.

"எழுதணும்னா எழுதுங்க. போன தடவ என்ன, என்னைக் கேட்டுட்டா எழுதினீங்க?" என்றார். லாரி ஓட்டுநர் கூப்பிட்டதால் போய்விட்டார்.

எனவே, இம்மனுவின் மீது எடுக்கும் முடிவை வழக்கப்படி மனுதாரரான எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. ரத்வானுக்குத் தெரிவித்தால் போதுமானது.

இடம்: கிர்பத் நவ்ஃபல்
நாள்: 14 நவம்பர் 2022

தங்கள் முடிவுக்குக் கட்டுப்படும்,
(ஒப்பம்)
அதல்லா ஸாலிம் ரவாஷ்தா

இணைப்பு: உடைந்த லோயர் ஆர்ம் இரண்டு, துணியில் சுற்றியது.