கீழேயிருந்து இரண்டு தட்டு

என் கிழட்டுக் கரடிக்கு,

வீட்டைச் சூடாக்க நீ அடம்பிடித்து முன்பணம் கட்டிய ஹீட் பம்பை அக்டோபரில் சுவரில் மாட்டிவிட்டார்கள். வீடு சூடாக இருக்கிறது, சத்தமே இல்லை. உன் பழைய எண்ணெய் பாய்லரை, மெஷின் மாட்ட வந்த டென்னி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

குளிர்காலக் காலைகளில் நீ நிலவறைக்கு இறங்கி, அதைத் திட்டித் திட்டிப் பற்றவைப்பாய். பற்றியதும் ஸ்பேனரால் குழாயில் இரண்டு தட்டு. மேலே நான் அந்தக் குழாய் வந்து சேரும் ரேடியேட்டரில் கரண்டியால் பதிலுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, நீ படியேறி வருவதற்குள் காபி போடுவேன்.

பாய்லர் போன மறுநாளே கீழேயிருந்து இரண்டு தட்டு கேட்டது. டென்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"குழாயையே அறுத்தாச்சும்மா. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. எது தட்டும்?"

நேற்று வரிக் கணக்குப் பார்க்கும் வெர்னாவிடம் போனேன். ஹீட் பம்புக்கு வரிச் சலுகை கேட்க வேண்டும் என்று நீதானே உயிரை எடுத்தாய்!

"அவர் செப்டம்பர்ல போயிட்டாலும், அந்த வருஷத்துக்கு ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்தே போடலாம்" என்றாள். பிறகு எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைப் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள். "மெஷின் மாட்டினப்போ ரெண்டு பேரும் அந்த வீட்டுலதானே இருந்தீங்க?" உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா, இருந்தோம்" என்றேன்.

இன்று காலையும் கேட்டது. கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். பதிலுக்குத் தட்டினால் படியில் உன் காலடி கேட்குமா, கேட்காதா? இரண்டுக்கும் பயமாக இருக்கிறது.

மேலே, அடுப்படியில்,
கரண்டியோடு நிற்பவள்