முள் காட்டிய நாற்பது

மார்ச் 3
வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய வண்டி துறைமுகத்துக்கு வந்து, இன்று வீட்டுக்கும் வந்துவிட்டது. பின்கதவைத் திறந்தால் சாய்தளம் இறங்கும். சக்கர நாற்காலியோடு மனைவியை அப்படியே ஏற்றிவிடலாம். இங்கே தேடிப் பார்த்தும் கிடைக்காதது. பக்கவாதம் வந்து எட்டு மாதம். 17ஆம் தேதிக்குள் பள்ளியில் திரும்பச் சேராவிட்டால் அவளுடைய கணக்கு டீச்சர் வேலை வேறொருவருக்கு. நாள் இருக்கிறது.

மார்ச் 4
காலை முழுக்கப் பதிவு அலுவலகம். வண்டியின் மீட்டர் மைலில் காட்டுகிறது. கிலோமீட்டரில் காட்டினால்தான் பதிவு. உண்மை வேகத்தைவிட முள் குறைத்துக் காட்டவே கூடாதாம், கொஞ்சம் கூட்டிக் காட்டலாமாம். என்னைக்கூட இவ்வளவு குடைந்து கேட்டு யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. சோதனை 9ஆம் தேதி.

மார்ச் 6
மெக்கானிக் வந்தார். தெருவில் அவருக்குப் பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. எதைக் கேட்டாலும் அஞ்சு நிமிஷ வேலைதான். மீட்டர் தட்டில் ‘மைல்’ என்றிருந்ததை அழித்து ‘கி.மீ.’ என்று அச்சடித்துப் பொருத்தினார். வாசலில் நாற்காலியில் அவள். “முள்ளு... அது...” என்றாள். நோய்க்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. “முள்ளு நல்லாத்தான் இருக்கு, வெயில்ல உக்காராதே” என்று உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

மார்ச் 9
தேறவில்லை. உருளைகள்மேல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். முள் நாற்பதில் நின்றபோது அவர்கள் கருவியில் அறுபத்து நாலு. பரிசோதகர் திட்டக்கூட இல்லை. “எழுத்தை மட்டும் மாத்தியிருக்கீங்க சார். எண்ணும் முள்ளும் இன்னும் மைலுக்குத்தான் இருக்கு.” மறுசோதனை 20ஆம் தேதி. 17 போச்சு.

வீட்டில் சொன்னேன். என்னையே பார்த்தாள். “நாப்பது மைல்னா... அறுபத்து நாலு. அன்னைக்கே... சொல்ல வந்தேன். நீங்க... விடல.”

நான் ஒரு மடையன். எட்டு மாதமாக எத்தனை தடவை அவள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிப் பேசியிருக்கிறேன்? டாக்டரிடம், அவள் தங்கையிடம் — உப்பு போதுமா என்று கேட்டால்கூட நான்தான் பதில். அன்பு என்று நினைத்திருந்தேன். அவசரம், வேறென்ன. அலுப்பும்தான்.

மார்ச் 10
தலைமையாசிரியையிடம் கெஞ்சலாம் என்று போனை எடுத்தேன். “குடுங்க” என்றாள். ஒரு வாரம் தள்ளிக் கேட்க அவளுக்குப் பதினான்கு நிமிடம். நடுவில் திணறினாள். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். 24 வரை தந்திருக்கிறார்கள். முதலில் வினாத்தாள் தயாரிக்கும் வேலை. வகுப்பு பிறகு பார்க்கலாமாம்.

மார்ச் 13
மீட்டரையே மாற்றியாயிற்று. இரண்டரை மணி நேரம், அவள் பக்கத்தில் இருந்தாள். “டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே வேர்த்துப்போச்சு சார்” என்றார் அஞ்சு நிமிஷம்.

மார்ச் 20
தேறிவிட்டது. முள் நாற்பதில், கருவியில் முப்பத்தெட்டு. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. தூங்க வேண்டும்.

மார்ச் 24
பள்ளி வாசலில் சாய்தளத்தை இறக்கினேன். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் அவளைப் பார்த்தேன். அவளே சொன்னாள், அவர் காத்திருந்து கேட்டுக்கொண்டார். பிறகு அவள் என்னிடம், “நீங்க... போங்க. நாலு மணிக்கு... வாங்க.”

மூன்றரைக்கே போய் நின்றேன். வண்டியில் ஏறியதிலிருந்து பேச்சுத்தான் — ஆறாம் வகுப்பு வினாத்தாள், புது டீச்சர், உடைந்த மேஜை. சாலை காலியாகத்தான் இருந்தது. நான் முப்பதைத் தாண்டவில்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்துவிடக் கூடாது.