திரும்பி வராத அழுத்தம்

மார்ச் 11, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. காற்று ஒரு சொட்டுமில்லை. சீனன்குடா அலுவலகத்தில் ஏ.சி. மறுபடி பழுது.

வாங்க: தேசிக்காய், அக்காவின் பிறஷர் குளிசை, ஒரு குடை.

துளையிடும் கப்பலிலிருந்து சோதனைத் தரவு முழுவதும் வந்துவிட்டது. வாயுவை எரித்துப் பார்த்த நாட்கள், பிறகு கிணற்றை மூடி வைத்த நாட்கள், எல்லாம். என் வேலை, கடலடியில் இருக்கிற வாயு எடுக்கக் கட்டுபடியாகுமா என்று அறிக்கை எழுதுவது. வரைபடம் போட்டேன். மூடிய பிறகு அழுத்தம் ஏறுகிறது, ஏறுகிறது, பழைய இடத்துக்கு வராமலே நின்றுவிட்டது.

வீட்டுக் கிணற்றில் இறைத்துவிட்டால் விடியத் தண்ணீர் பழைய மட்டத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் ஊற்றுப் போதாது. இதுவும் அதே கதைதான். கொஞ்சம் எரித்ததற்கே இவ்வளவு இறங்கினால் கீழே இருப்பது சின்னத் தேக்கம். கரைவரைக்கும் குழாய் போடக் கட்டாது.

மூன்று தரம் திரும்பப் போட்டேன். மூன்று தரமும் அதேதான். நம்ப மனம் வரவில்லை. ஏன் என்று தெரியும். இன்றைக்கு எழுத மாட்டேன்.

மார்ச் 12, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

போன மாதம் வாயுவை எரித்த அன்று அலுவலகத் திரையில் சுவாலையைப் பார்த்தேன். அம்மாடி, என்ன நெருப்பு! சுவாலையைப் பார்த்துக் கிணற்றை மதிப்பிடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். அப்படிப்பட்ட நான் வெளியே ஓடிப்போய் அக்காவுக்கு போன் எடுத்தேன். "அக்கா, காஸ் பிடிச்சிட்டுது! இனி எங்கட ஊருக்கு யோகம்தான்!" சோதனை முடிவை யாருக்கும் சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்த அதே கையால்தான் போனைப் பிடித்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் எங்கள் ஊர் சல்லி முழுக்கத் தெரியும். ஆழ்கடலுக்குப் போனவர்களும் வானம் சிவந்ததைக் கண்டதாகச் சொல்ல, பிறகு கேட்க வேண்டுமா.

அன்றிலிருந்து அத்தான், அக்காவின் புருசன், வேறு ஆள். அத்தானுக்குக் கரைவலைத் தொழில். எந்த நாளில் யார் வலை வளைப்பது என்பதற்கு முறை இருக்கிறது, அதைப் பாடு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் இந்த வருடத்துப் பாடு எழுதுகிறார்கள். பேர் கொடுக்காவிட்டால் பாடு இன்னொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க ஏலாது. அத்தான் பேர் கொடுக்கப் போவதில்லை. வாயு எடுக்கத் தொடங்கினால் தளத்தில் ஊர்க்காரருக்கு வேலை என்ற கதை. அதற்கான பயிற்சியில் சேரப் போகிறார்.

இன்று சாப்பிடும்போது சொன்னார்: "வலை இழுத்துத் தோள் விட்டுப்போச்சு பிள்ளை. ஆனா நீ சொல்லியிராட்டி நான் பாட்டை விட நினைச்சிருக்க மாட்டன்."

தட்டைத் தள்ளி வைத்தேன். சுறாப்புட்டு வேறு, எனக்குப் பிடிக்கும் என்று அக்கா செய்தது.

அலுவலகத்தில் ரிஸ்வான் நானாவிடம் (எங்கள் பிரிவுக்குப் பெரியவர், ஊர் கிண்ணியா) அழுத்தமானி பிழையாக இருக்கலாம் என்றேன். "அப்ப ரெண்டாவது மானியயும் பாத்திட்டுச் சொல்லுங்க மிஸ். அவசரமில்ல," என்றார்.

அவசரமில்லையாம்!

மார்ச் 13, வியாழன்

இரண்டாவது மானி. கோட்டின் மேல் கோடு. ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காஸ் இருக்கு. ஆனா எடுக்கிற அளவுக்குக் காணாது. என்ன செய்ய, திங்கக்கிழமை அறிக்கையத் தாங்க."

அத்தானிடம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு. வசனம் வசனமாகப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். அத்தான் முற்றத்தில் வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் பாட்டை எடுக்கப் போகிற சிவம் அண்ணைக்குக் கொடுக்க.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?"

"தலையிடி அத்தான்."

"அக்கா, இவளுக்கு ஒரு பிளேன்ரீ" என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொன்ன மாதிரியே கத்தினார். அவருக்கும் அக்கா அக்காதான், என்னைப் பழக்குவதற்காகக் கூப்பிட்டு அப்படியே ஒட்டிவிட்டது.

சொல்ல முடியாது, அலுவலக ரகசியம் என்று அறைக்குள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நல்ல செய்திக்கு இல்லாத ரகசியம் கெட்ட செய்திக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? வெட்கம் கெட்டவள்.

மார்ச் 14, வெள்ளி

அம்மன் கோயில் பூசை. போக மாட்டேன் என்றேன், அக்கா விடவில்லை.

பூசை முடிய ஐயர் என் பேரைக் கூப்பிட்டுக் காளாஞ்சி தந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ வைத்த தட்டம். உபயகாரருக்குக் கொடுக்கிற மரியாதை. "ஊருக்கு நல்லது கொண்டுவந்த பிள்ளை" என்று கோயில் தலைவர் பின்னால் நின்று சொன்னார். இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கினேனே! அக்காவின் கண் கலங்கியிருந்தது, பெருமையில்.

வெளியே செருப்புப் போடும்போது ஒரு மனிசி கையைப் பிடித்தா. "என்ர மகனையும் ஒருக்கா மனசில வச்சிருங்கோம்மா."

"பாப்பம்," என்றேன்.

பழத்தை யாருக்கும் கொடுக்கவுமில்லை, தின்னவுமில்லை. குசினியில் தட்டத்தோடு அப்படியே கிடக்கிறது.

மார்ச் 15, சனி

தலை முழுகினேன். உடுப்புத் தோய்த்தேன். அலுமாரி அடுக்கினேன். அத்தான் எதிரில் வந்த மூன்று தரமும் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? கையெழுத்து வைத்திருக்கிறேன். வேலை போகும். மேலிடத்தில் இன்னொரு கிணறு தோண்டுவதாக முடிவெடுக்கவும் கூடும். எல்லாம் சாட்டு. அம்மன் முன்னால் தட்டத்தை வாங்கிவிட்டு இல்லை என்று சொல்ல எனக்கு முகமில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 16, ஞாயிறு

ஒன்பது மணிக்குச் சங்கக் கட்டடத்துக்கு நடந்தே போனேன். அத்தானை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும்.

வாசலுக்குப் போகும்போதே அத்தானின் முறை வந்திருந்தது. செயலாளர் கேட்டார்: "அப்ப உங்கட பேர் எழுதட்டோ?"

"வேண்டாம். என்ர பாட்டைச் சிவத்துக்கு எழுதுங்கோ."

"வடிவா யோசிச்சுத்தானோ சொல்லுறியள்? பிறகு அழுதும் வேலையில்லை."

அத்தான் திரும்பினார், என்னைக் கண்டார். முகம் அப்படியே மலர்ந்தது. "அந்தா வந்து நிக்கிறா. அவவையே கேளுங்கோவன்."

எல்லோரும் பார்த்தார்கள். இருபது முப்பது ஆம்பிளைகள். வாயைத் திறந்தேன். நான் சிரித்தேன். என்ர அம்மாளாச்சி, சிரித்தேன்.

செயலாளர் எழுதினார்.

மார்ச் 17, திங்கள்

அறிக்கை கொடுத்தாயிற்று. கட்டுபடியாகாது, மூடிவிடலாம் என்று பரிந்துரை. நானா கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டுச் சொன்னார்: "நேர்மையா எழுதியிருக்கீங்க மிஸ். எல்லாருக்கும் இது வராது."

நன்றி என்றேன்.

பதினொரு மணிக்கு அத்தானின் போன். பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாராம். "பிள்ளை, ஒட்டுறதுக்குப் படம் ரெண்டு காணுமோ? இல்லாட்டி நாலு எடுக்கட்டோ?"

"ரெண்டு காணும் அத்தான்," என்றேன்.