வசதிக் கட்டணம்

மார்ச் 2, ஞாயிறு

தம்பிக்கு வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று முடிவாகிவிட்டது. குரல்வளையை முழுவதுமாக எடுக்கிறார்கள். கட்டி பரவாமலிருக்க வேறு வழியில்லையாம். உயிருக்குப் பயமில்லை. பேச்சுதான் போய்விடும்.

போனில் கரகரத்த குரலில் சொன்னான்: "புதன்கிழமையே வந்துடுக்கா. உக்காந்து பேசலாம். அதுக்கப்புறம் உனக்குக் கவலையில்ல டீச்சர். வகுப்புல சத்தமே இருக்காது."

மார்ச் 3, திங்கள்

இணையத்தில் பயணச்சீட்டு எடுக்க உட்கார்ந்தேன். புதன் அதிகாலை ரயில், மதியம் ஒரு மணிக்கு அங்கே. ஜன்னலோர இடம். பெயர், வயது எல்லாம் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால், முதலில் காட்டிய தொகை இல்லை. கீழே பொடி எழுத்தில் 'வசதிக் கட்டணம்'. அதற்கும் கீழே 'சேவைக் கட்டணம்'. பயணத்தை ரத்து செய்தாலும் இரண்டும் திரும்பக் கிடையாது.

யாருக்கு வசதி? படிவத்தை நிரப்பியது நான். மின்சாரம் என்னுடையது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த கண்ணும் என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள். பிள்ளை விடையை எழுதி முடித்த பிறகு, 'கேள்வியில் இன்னொரு வரி இருக்கிறது' என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அவரை என்னவென்பது? கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்த பிறகு, தராசைத் தொட்டதற்குத் தனிக் காசு கேட்டால் சும்மா விடுவோமா?

பக்கத்தின் மூலையில், பணம் கட்டக் கொடுத்த பத்து நிமிடம் குறைந்துகொண்டே வந்தது. அது பூஜ்யமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு நிலையத்துக்கே போய் எடுத்துக்கொள்ளலாம். கவுன்ட்டரில் இந்தக் கட்டணம் கிடையாது.

தம்பியிடம் போனில் இந்தக் கட்டணத்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே வெட்டினான். "போதும் டீச்சர், மணி அடிச்சாச்சு."

மார்ச் 4, செவ்வாய்

எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.

கவுன்ட்டர் பெண் திரையைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையேம்மா. முகூர்த்த நாள் வருதில்ல. நேத்து சாயங்காலம் வரைக்கும் நாலு இடம் இருந்துச்சு."

அந்த நாலில் ஒன்று பத்து நிமிடம் என் பெயரில் இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டுக் கொடுத்தாள். "கிடைச்சுடும்மா, கவலைப்படாதீங்க."

கிடைத்துவிடும்.

மார்ச் 5, புதன்

கிடைக்கவில்லை. பட்டியலில் முதல் ஆளாக நின்றுபோனேன். ரயில் என் கண்ணெதிரே போனது. பஸ் நிலையத்துக்கு ஓடினேன். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வரவே ஒன்றரை மணி நேரம் தாமதம். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

ஐந்து மணிக்குத் தம்பி அழைத்தான். ஒரே இன்ஜின் இரைச்சல். குரல் விட்டு விட்டு வந்தது. "அக்கா... கேக்குதா? கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல. வை, அப்புறம் பேசு" என்றேன்.

அப்புறம் பேசு.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பத் திரும்ப அடித்தேன். ஒருவழியாகக் கிடைத்தபோது எடுத்தது அவன் மனைவி. "ஊசி போட்டுட்டாங்க அண்ணி, தூங்கிட்டாரு. காலையில நேரா உள்ள கொண்டுபோயிடுவாங்களாம், யாரையும் பாக்க விட மாட்டாங்க. நீங்க வீட்டுக்கே வந்துடுங்க."

என்ன செஞ்சு வெச்சிருக்கேன் நான்? ரெண்டு டீ குடிக்கிற காசு. கொள்கைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கொள்கையா அது? வெறும் பிடிவாதமா?

மார்ச் 6, வியாழன்

ஆறரை மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

கழுத்தில் குழாய். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது — அக்கா. வெறும் காற்று. வெளியே வந்து, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதிப் பேச ஒரு நோட்டு வைத்திருக்கிறான். ரயில் நிரம்பிவிட்டது என்று மட்டும்தான் இதுவரை சொல்லியிருந்தேன். அந்தக் கட்டணத்துக்காகக் கையிலிருந்த இடத்தை விட்டதை இன்றுதான் சொன்னேன்.

"எவ்வளவு?" என்று எழுதினான்.

சொன்னேன். அவன் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாவிட்டால் சிரிப்பும் அழுகையும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பு என்று தெரிந்துகொண்டேன்.

"அந்தக் கட்டணம் அநியாயம்தான்டா. இன்னிக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா அதைக் கட்டிட்டு வந்து, உம்பக்கத்துல உக்காந்து திட்டியிருக்கலாம்" என்றேன். பிறகு கேட்டேன்: "புதன்கிழமை என்ன சொல்ல நெனச்சிருந்தே?"

நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினான். பிறகு எழுதினான்: "ஒண்ணும் இல்ல. நீ பேசுவே, நான் குறுக்க பேசுவேன். அதுதான் ஒருநாள் வேணும்னு இருந்துச்சு."

மார்ச் 23, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். நான் ஊருக்குத் திரும்பும் தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை.

அவன் எழுதும் வேகம் என் பேச்சுக்கு எட்டுவதில்லை. அவன் ஒரு சொல் எழுதுவதற்குள் நான் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பேன். பாவம், எழுதியதை அடித்துவிடுவான். அதனால் இப்போதெல்லாம் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்கிறேன். பேனா ஓடி முடித்து நோட்டு என் பக்கம் திரும்பும்வரை மீதியைச் சொல்வதில்லை.

இன்று காலை அரைமணி நேரத்தில் என்னை ஏழு முறை வெட்டினான்.