சிவப்புப் பொட்டு வைத்த யுஎஸ்பி

விஞ்ஞானி அவர்களுக்கு,

குழம்பு அடுப்பில் இருக்கிறது. முட்டை கிடையாது. இருந்த ஒன்றையும் என் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

"ஹார்ட் டிஸ்க் ஓடுறதுக்கு யுஎஸ்பியில பவர் பத்தலை, தனி ஒயர் இழுத்துத் தர்றேன்" என்று என் லேப்டாப்பின் வயிற்றைக் கிழித்தாயே, நேற்று செருகிப் பார்த்தேன். டிஸ்க் பல்லி மாதிரி கத்தியதோடு சரி. நம் கல்யாணப் போட்டோ அத்தனையும் அதில்தான் இருக்கிறது. நான் திட்டியதும் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாய்.

மதியம் ரிப்பேர்காரர் வருவார். அந்த ஒயரைப் பிடுங்கச் சொல். நீ பக்கத்தில் நிற்காதே, யோசனையும் சொல்லாதே.

பி.கு: லேப்டாப்பை மேஜைக்கு மாற்றும்போது பார்த்தேன். இடது பக்க யுஎஸ்பி ஓட்டைக்கு மேல் ஒரு சிவப்புப் பொட்டு, என் நகப்பாலிஷில். நேற்று நான் செருகியது வலது பக்கம். நீ ஒயர் இழுத்தது இடதுக்கு மட்டும்தான் போல; அதில் செருகினேன், ஓடுகிறது. கல்யாணப் போட்டோவிலும் நீ திருதிருவென்றுதான் முழிக்கிறாய்.

"இடது பக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? ரிப்பேர்காரரை வாசலோடு அனுப்பிவிடு. மன்னிப்பெல்லாம் எதிர்பார்க்காதே. நகப்பாலிஷைத் தொட்டதற்குச் சாயங்காலம் வந்து பேசிக்கொள்கிறேன்.

முட்டை உன் தட்டில் இருக்கிறது.